முன்பு இருந்தவர் புகைத்த வீடு: வெள்ளையடித்தால் சரியாகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டில் முன்பு குடியிருந்தவர் பல வருடங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர். வீட்டுக்காரர் வெள்ளையடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுக் காலையில் எழுந்தால் பழைய புகைவாடை அடிக்கிறது. குழந்தைக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. இது வெறும் வாடைதானா, இல்லை உடம்புக்கும் கெடுதலா? கூடவே இன்னொரு கேள்வி: மாமனார் மொட்டைமாடிக்குப் போய்த்தான் புகைக்கிறார், அதிலும் ஏதாவது உண்டா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். கெடுதல் உண்டு. வெள்ளையடித்தது மட்டும் போதாது. அதற்காக வீட்டைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டியதும் இல்லை. பக்கத்தில் ஒருவர் புகைத்துக்கொண்டே இருக்கும் வீட்டை விட இந்த வீட்டில் ஆபத்து குறைவுதான். ஆனால் தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. எதைச் செய்தால் பலன், எதைச் செய்தால் வீண் என்று தெரிந்துகொண்டால் பெரிய செலவில்லாமலே நிறையக் குறைக்க முடியும். நான் வேதியியல் படித்தவன், வீடுகளுக்குள்ளே இருக்கும் காற்றைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். அதனால் காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் யாராவது ஊதுபத்தி கொளுத்தச் சொல்லும்போது மறுக்க முடியும்.

சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் புகை அரை மணியில் கலைந்துவிடும். அதோடு எல்லாம் வெளியே போய்விட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அதில் ஒரு பங்குதான் ஜன்னல் வழியே போகிறது. மீதி சுவரில், விட்டத்தில், திரையில், மெத்தையில், தரைத் தூசியில் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டிக்கொள்வதில் முதலிடம் நிகோடினுக்கு. அது முழுக்க ஆவியும் இல்லை, முழுக்கத் திடமும் இல்லை. காற்றில் நிறைய இருக்கும்போது பரப்பில் படியும், காற்று சுத்தமானால் பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி கிளம்பும். கருவாடு வைத்திருந்த டப்பாவைக் காலி செய்து கழுவி வைத்தாலும், இரண்டு நாள் மூடி வைத்துத் திறந்தால் வாடை அடிக்குமே, அதேபோலத்தான். அந்தப் பெரியவர் போய்விட்டார். ஆனால் அவர் விட்ட புகையை இப்போது சுவர் விட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் வாடை அதிகமாக இருப்பதற்கும் இதுதான் காரணம், ராத்திரி முழுக்க மூடிய அறையில் அது சேர்ந்துவிடுகிறது.

ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேர்ட்ஹேண்ட் ஸ்மோக் என்கிறார்கள். புகைப்பவர் இழுப்பது முதலாவது, பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் பக்கப்புகை இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு பொருள்களில் தங்கியிருப்பது மூன்றாவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜோனதன் வினிகாஃபும் அவருடைய குழுவும் 2009இல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. இந்தப் பதிலில் நான் புகைப்படிவு என்றே எழுதுகிறேன்.

உங்கள் நிலைமையிலேயே இருந்த குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியார்க் மாட் குழுவினர், புகைப்பவர்கள் காலி செய்த வீடுகளையும் அதே வீடுகளில் பிறகு குடிவந்த புகைக்காதவர்களையும் தொடர்ந்து பார்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வீடுகள் சராசரியாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தவை. குடிவருவதற்கு முன்னால் சுத்தம் செய்யப்பட்டவை, சிலவற்றில் பெயின்ட் அடித்துத் தரை விரிப்பையும் மாற்றியிருந்தார்கள். அப்படியும் தூசியிலும் சுவர்களிலும் நிகோடின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல்களைத் துடைத்து எடுத்துப் பார்த்தால் அதிலும் இருந்தது. அந்த வீடுகளில் வளர்ந்த சிறு குழந்தைகளின் சிறுநீரில் கோட்டினின் அளவு, யாரும் புகைக்காத வீடுகளுக்குக் குடிபோன குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. உடம்புக்குள் போன நிகோடின் உடைந்து வருவதுதான் கோட்டினின். அதாவது சுவரில் இருந்தது குழந்தையின் உடம்புக்குள் போயிருக்கிறது. யாரும் ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்காத வீட்டில்.

வாடையே இல்லாத இடத்திலும் இது நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் மைன்ஸ் நகரத் திரையரங்கு ஒன்று சாட்சி. அங்கே புகைக்கத் தடை வந்து 15 வருடம் ஆகியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தாரும் மைன்ஸில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தாரும் அரங்கின் காற்றைத் தொடர்ந்து அளந்தார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஆட்கள் உள்ளே வரும்போது பென்சீன், ஃபார்மால்டிஹைட் உட்படப் புகையிலைப் புகைக்குரிய பொருள்கள் காற்றில் சட்டென்று ஏறின. யாரும் உள்ளே புகைக்கவில்லை, அவர்களுடைய சட்டையிலும் தலைமுடியிலும் தோலிலும் ஏறி வந்தவைதான் அவை. குடும்பப் படங்களை விடப் பெரியவர்களுக்கான சண்டைப் படங்களின்போது ஏற்றம் அதிகம். சில பொருள்களைப் பொறுத்தவரை, அரங்கில் இருந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் ஒன்று முதல் பத்து சிகரெட் வரைக்குமான பக்கப்புகைக்கு ஈடான அளவைச் சுவாசித்தார்கள் என்று 2020இல் கணக்குச் சொன்னார்கள். உங்கள் மாமனார் விஷயத்துக்கு வரும்போது இந்தத் திரையரங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிந்தது படிந்தபடியே கிடந்து மெல்லக் குறைந்துகொண்டே போனால்கூட இவ்வளவு கவலைப்பட வேண்டியிருக்காது. பிரச்சினை, அது கிடக்கும் இடத்திலேயே மாறுகிறது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் முகமது ஸ்லைமான், லாரா குண்டெல், ஹூகோ டெஸ்டைல்லட்ஸ் ஆகியோர் 2010இல் இதைக் காட்டினார்கள். பரப்பில் படிந்த நிகோடினோடு காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலம் சேரும்போது, புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் உண்டாகின்றன. புகை பட்ட பரப்பை மூன்று மணி நேரம் நைட்ரஸ் அமிலத்தில் வைத்தபோது இந்த நைட்ரோசமீன்கள் முதலில் இருந்ததைவிடப் பத்து மடங்காகின. நிறையப் புகைக்கும் ஒருவருடைய லாரிக்குள்ளும் இவை கிடைத்தன. இவற்றில் என்என்கே, என்என்என் என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதி செய்த முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. என்என்ஏ என்ற மூன்றாவது ஒன்றும் உண்டாகிறது. அது புதிதாக விடும் புகையில் கிடையாது, பழைய படிவில்தான் பிறக்கிறது.

இந்த நைட்ரஸ் அமிலம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடுப்பிலிருந்து. கேஸ் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும், அவை ஈரமான பரப்புகளில் பட்டு நைட்ரஸ் அமிலமாகும். புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்புதான் இதற்கு வீட்டுக்குள் இருக்கும் முக்கியமான மூலம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நம்மூர் வீடுகளில் கூடத்தை ஒட்டியே சமையலறை, சிலிண்டர் அடுப்பு, காலை இட்லியிலிருந்து இரவு தோசை வரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் சத்தத்துக்காகப் போடுவதில்லை. உங்கள் வீட்டில் இன்றிலிருந்து அதைப் போடுங்கள், காசு செலவில்லாத முதல் வேலை இது.

இனி குழந்தை. பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் தரையை மிதிக்கிறீர்கள், குழந்தை தரையில் வாழ்கிறது. உள்ளங்கையை ஊன்றித் தவழ்ந்துவிட்டு அதே கையை வாயில் வைக்கும், சோபா விளிம்பைச் சப்பும், விழுந்த பொம்மையை எடுத்துக் கடிக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களை விட இரண்டு மடங்குக்கும் மேல் காற்றை இழுக்கும், தூசியையும் அதிகம் விழுங்கும். தோல் மெல்லியது. நச்சை உடைத்து வெளியேற்றும் வேலையில் ஈரல் இன்னும் முழுதாகப் பழகவில்லை. நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பதும் அதுதான். அமெரிக்காவில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த, புகைப்பவர்களின் வீட்டுக் குழந்தைகளுடைய கைகளைத் துடைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் ஒரு குழந்தை விடாமல் எல்லார் கையிலும் நிகோடின் இருந்தது. கையில் எவ்வளவு அதிகமோ, எச்சிலில் கோட்டினினும் அவ்வளவு அதிகம். அந்த வீடுகளில் பக்கப்புகையும் இருந்திருக்கும், ஆனாலும் கை வழியாகவும் போகிறது என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டால், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்ல வேண்டும். பக்கப்புகையைப் பற்றி உலகம் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவிட்டது, அதனால் வரும் நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, குழந்தைகளின் ஆஸ்துமா, காதில் சீழ் எல்லாவற்றுக்கும் உறுதியான கணக்குகள் இருக்கின்றன. புகைப்படிவுக்கு அந்த மாதிரிக் கணக்கு இன்னும் வரவில்லை. அது மட்டுமே பாதித்த மனிதர்களைத் தனியாகப் பிரித்து முப்பது வருடம் தொடர்வது எளிதில்லை. இருப்பவை மூன்று வகைச் சான்றுகள். ஆய்வுக்கூடத்தில் மனித செல்களில் இந்தப் படிவு டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது, 2013இலேயே காட்டியாகிவிட்டது. எலிகளிலோ, பெர்க்லி குழுவின் 2018 ஆய்வில், பிறந்து நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மட்டும் படிவு பட்ட துணியோடு வளர்ந்த எலிகளுக்குப் பிறகு நுரையீரல் கட்டிகள் அதிகம் வந்தன. வாழ்நாள் முழுக்கப் பட வேண்டியதில்லை, சின்ன வயதில் சில வாரங்கள் பட்டதே போதுமாக இருந்தது. இன்னொரு குழுவின் எலிகளில் காயம் ஆறுவது தாமதமானது, ஈரலில் கொழுப்பு ஏறியது, எலிகள் ஓயாமல் பரபரத்தன. மனிதர்களில், புகைக்காத நான்கு பெண்களை மூன்று மணி நேரம் படிவுக் காற்றைச் சுவாசிக்க வைத்து 2019இல் வெளியான ஆய்வில், மூக்கின் உள்தோல் செல்களில் மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. செல்கள் தாங்க முடியாமல் தவிப்பதன் அறிகுறி அந்த மாற்றம்.

இதை எல்லாம் வைத்து என் முடிவு என்னவென்றால், பெரியவர் ஒருவர் இப்படிப்பட்ட வீட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தால் நான் அவருக்காகத் தூக்கம் கெட மாட்டேன். தவழும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் அதே வார்த்தையைச் சொல்ல மாட்டேன். புற்றுநோய் எண்ணிக்கை வரும்வரை காத்திருந்தால் உங்கள் குழந்தை வளர்ந்து பெரியவனாகியிருக்கும். குறைக்கும் வழி கையில் இருக்கும்போது காத்திருப்பதில் நியாயம் இல்லை.

சரி, வெள்ளையடித்தது ஏன் போதாது? நம்மூரில் வீடு காலியானதும் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ ஒரு கோட் அடிப்பார்கள். இரண்டுமே நுண்துளைகள் நிறைந்த பூச்சு, அடியில் இருப்பதைப் பூட்டி வைக்காது. சுண்ணாம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கடுமையான காரம். காரத்தில் நிகோடின் எளிதில் ஆவியாகும் வடிவத்துக்கு மாறும். புகையிலையை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு தேய்த்துப் போடுகிறவர்கள் செய்வதும் இதே வேதியியல்தான், நிகோடின் சீக்கிரம் விடுபட்டு ரத்தத்தில் ஏற வேண்டும் என்றுதான் சுண்ணாம்பு. ஆகவே கழுவாத சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டால் மஞ்சள் மறையும், உள்ளே இருப்பது அடங்காது. தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனிலும் சில மாதத்தில் மஞ்சள் கறை மேலே ஊறி வருவதைப் பெயின்டர்களே சொல்வார்கள்.

இப்போது என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, குழந்தையின் கை எட்டும் இடத்திலிருந்து தொடங்குங்கள். தரை முதலில். பெருக்கினால் தூசி எழும்பும், அதனால் ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்த தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், அதே கலங்கிய தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் ஒரு அறையிலிருந்து எடுத்ததை அடுத்த அறையில் பூசியதாகும். தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் சேர்த்தால் நல்லது. நிகோடின் ஒரு மெல்லிய காரம், அமிலம் பட்டால் உப்பாகித் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். மார்பிள், கடப்பா போன்ற கல் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், அமிலம் அந்தக் கல்லை அரிக்கும். அங்கே சாதாரண சோப்புத் தண்ணீரே போதும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தரைக்கு அடுத்தது யாரும் நினைக்காத இடங்கள். சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கம் பாருங்கள், பிசுபிசுப்பான பழுப்புத் தூசி திட்டாக இருக்கும். முன்பு இருந்தவர் விட்ட புகை முழுக்க அந்த ஃபேன் வழியாகத்தான் சுற்றியிருக்கிறது, இப்போது நீங்கள் சுவிட்சைப் போடும்போதெல்லாம் அந்தத் தூசியும் உதிர்கிறது. ஸ்விட்ச் போர்டு, கதவுப் பிடி, ஜன்னல் கம்பி, ட்யூப்லைட் பட்டி, பரண், மர அலமாரியின் உள்பக்கம், எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். கரண்டு உள்ள இடங்களில் மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டுக்காரர் விட்டுப்போன ஏசி இருந்தால் ஃபில்டரை மட்டும் கழுவுவது போதாது. உள்ளே இருக்கும் காயிலையும் மெக்கானிக்கை அழைத்துக் கழுவச் சொல்லுங்கள். புகைத்த அறையின் ஏசி அந்தக் காற்றையேதான் வருடக்கணக்கில் சுழற்றியிருக்கிறது.

துணி, பஞ்சு சம்பந்தப்பட்ட எதையும் முன்பு இருந்தவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மெத்தை, சோபா, தலையணை, கனமான திரை, மிதியடி எல்லாம் அப்படியே வெளியே போகட்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இலவம்பஞ்சோ ஃபோமோ எதுவானாலும் ஆழம் வரை புகையை உறிஞ்சியிருக்கும், வெயிலில் போட்டால் மேலாக வாடை போகும், உள்ளே இருப்பது போகாது. துவைக்கக்கூடிய பருத்தித் துணியானால் வேறு விஷயம். பருத்தி நிறைய உறிஞ்சும், ஆனால் தண்ணீரில் அலசினால் பெரும்பகுதியை விட்டுவிடும். இரண்டு தடவை துவைத்துக் காயப்போட்டு வைத்துக்கொள்ளலாம்.

சுவருக்கு நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வரிசை இதுதான். முதலில் பழைய சுண்ணாம்பையோ டிஸ்டெம்பரையோ ஈரப்படுத்திச் சுரண்டி எடுக்க வேண்டும். காய்ந்த நிலையில் தேய்த்தால் படிவும் தூசியாகி வீடு முழுக்கப் பரவும். பிறகு கழுவி நன்றாகக் காயவிட்டு, கறையை அடைக்கும் ஆயில் ப்ரைமர் அல்லது ஷெல்லாக் ப்ரைமர் ஒரு கோட், அதற்கு மேல் எமல்ஷன். விட்டத்தை மறக்காதீர்கள், சூடான புகை மேலே ஏறுவதால் அங்கேதான் படிவு அதிகம். ஆயில் ப்ரைமரின் வாடையே குழந்தைக்கு ஆகாது, அந்த வேலை நடக்கும்போதும் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் குழந்தையை அம்மா வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் வீட்டுக்காரர் காசு தர மாட்டார் என்றால், குழந்தை தூங்கும் அறை ஒன்றையாவது செய்துவிடுங்கள். ஒரு நாளில் பாதிக்கு மேல் அது அங்கேதானே இருக்கிறது.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, வாடையை வாடையால் மறைப்பது. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், ரூம் ஸ்ப்ரே எதுவும் சுவரில் இருப்பதை அகற்றாது. எரிப்பவை எல்லாம் தம் பங்குக்கு நுண்துகள்களையும் சேர்த்துவிடும். சாமி கும்பிடுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை, அதை மருந்து என்று நினைக்க வேண்டாம் என்கிறேன். இரண்டாவது, ஓசோன் இயந்திரம். பழைய கார்களுக்கும் ஓட்டல் அறைகளுக்கும் வாடை எடுப்பதாகச் சொல்லி இதைக் கொண்டுவருகிறார்கள். ஓசோன் நிகோடினோடு சேர்ந்தால் நூறு நானோமீட்டருக்கும் சிறிய துகள்களும் ஃபார்மால்டிஹைட் போன்றவையும் உண்டாகும் என்பதை பெர்க்லி ஆய்வகமே காட்டியிருக்கிறது. வாடை குறைந்த இடத்தில் வேறு நச்சு வரும். குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கூட இருக்கும் கரி அடுக்கு சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும். சுவரில் ஒட்டியிருப்பதை அது ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்தில் ஒரு அறைக்கு ப்ரைமர் அடித்துவிடலாம்.

காற்றோட்டம் உதவும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்றில் இருப்பது குறையும். சாத்தினால் சுவர் மறுபடி விடும். கலிஃபோர்னியாவில் ஒரு சூதாட்டக் கூடத்தில் புகைக்கத் தடை போட்ட பிறகு தொடர்ந்து அளந்தபோதும் இதுதான் தெரிந்தது. அளவுகள் குறைந்தன, ஆனால் தூசியிலும் பரப்புகளிலும் மாதக்கணக்கில் தங்கியே இருந்தது. திறந்து வையுங்கள், வெயில் காலத்தில் சுவர் சூடாகும்போது இன்னும் அதிகமாகத் திறந்து வையுங்கள், சூட்டில்தான் அது வேகமாகக் கிளம்பும். துடைப்பதையும் விடாதீர்கள். குழந்தையின் கையை ஒவ்வொரு வேளை ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பொம்மைகளை அடிக்கடி கழுவுங்கள். தவழ்வதற்கு ஒரு பருத்தி விரிப்பைப் போட்டு, அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்துவிடுங்கள். கையில் ஏறுவதைத் தடுப்பதில் இதற்கு இணையான வேலை வேறு இல்லை.

மாமனார் விஷயம் நீங்கள் தயக்கத்தோடு கேட்டது புரிகிறது. அவர் மொட்டைமாடிக்குப் போவது மிகவும் நல்ல காரியம், அதைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். இந்தியாவில் 2016–17இல் எடுத்த பெரியவர்கள் புகையிலைக் கணக்கெடுப்பில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரியவந்தது. அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டைச் சேர்க்காமல் வைத்திருப்பவர் அவர்தான். ஆனாலும் முழுப் பாதுகாப்பு அதில் இல்லை. கியார்க் மாட் குழு 2004இல் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைப் பார்த்தபோது, குழந்தைக்காக வெளியே போய்ப் புகைத்த பெற்றோரின் வீடுகளில்கூட மாசு, யாரும் புகைக்காத வீடுகளை விட ஐந்து முதல் ஏழு மடங்கு இருந்தது. உள்ளேயே புகைத்தவர்களின் வீடுகளில் அதைவிடவும் அதிகம். சட்டையிலும் விரலிலும் மூச்சிலும் ஏறி வருகிறது. குறைப்பிரசவக் குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே, புகைக்கும் பார்வையாளர்களின் விரல்களிலும் அங்குள்ள சாமான்களிலும் நிகோடின் கிடைத்திருக்கிறது. அங்கே யார் புகைத்திருப்பார்கள்?

அவரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் குடும்பம் சம்பந்தப்பட்டது, ஆனால் என்ன கேட்பது என்று என்னால் சொல்ல முடியும். மாடியில் புகைக்கும்போது போட ஒரு பழைய சட்டையை மாடிப் படிக்கட்டிலேயே மாட்டி வைக்கச் சொல்லுங்கள். புகைத்து முடித்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு, கையையும் முகத்தையும் மீசையையும் சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பேரனைத் தூக்கட்டும். புகைத்து முடித்த முதல் சில நிமிடங்களில் மூச்சோடு இன்னும் துகள்கள் வந்துகொண்டிருக்கும். மருமகள் சொல்வதை விட மகன் சொன்னால் எடுபடும், அதை விடக் குழந்தை மருத்துவர் சொன்னால் எடுபடும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள். பல தாத்தாக்கள் பேரனுக்காகத்தான் கடைசியில் விட்டிருக்கிறார்கள், விட விரும்பினால் 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அவர் பிடிப்பது பீடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சின்னதாக இருக்கிறது, இலையில் சுற்றியது என்று அதை லேசாக நினைக்கிறார்கள். சிகரெட்டை விட அதிக நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் பீடியிலிருந்து வரும்.

வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பொது இடத்தில் புகைக்கத் தடை நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் முழு வீச்சில் அமலில் இருக்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அது வாடகை வீட்டின் உள்ளே வராது. முன்பு இருந்தவர் புகைத்தாரா என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் வீட்டுக்காரருக்கு இல்லை. அதனால் நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும். அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது, ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் முதல் ஆளாக உள்ளே நுழைந்து முகருங்கள். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், பிறகு தெரியாது. ஈரமான வெள்ளைத் துணியால் விட்டத்துக்குக் கீழே சுவரையும் ஃபேன் இறக்கையையும் துடைத்துப் பாருங்கள், மஞ்சள் கலந்த பழுப்பு ஒட்டினால் சந்தேகப்படுங்கள். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தாலும் அப்படியே. பழைய கார் வாங்கும்போதும் சீட்டையும் மேல்கூரைத் துணியையும் முகர்ந்துவிட்டு வாங்குங்கள், அந்தச் சின்ன இடத்தில் வெயிலில் நிறுத்தி எடுத்தால் படிவு வேகமாகக் கிளம்பும்.

இந்த வீட்டை வைத்துக்கொள்வதா, மாறுவதா என்பதற்கு என் யோசனை இது. ஒரு மாதம் மேலே சொன்ன வேலைகளைச் செய்து பாருங்கள். அதன் பிறகு ஒரு ராத்திரி எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வெளியூர் போய்விட்டு வந்து, கதவைத் திறந்த முதல் மூச்சில் வாடை இருக்கிறதா பாருங்கள். வாடை இல்லாததாலேயே எல்லாம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் வாடை இருந்தால் போகவில்லை என்பது உறுதி. பலமாக இருந்தால், சுவரைச் சுரண்டி ப்ரைமர் அடிக்க வீட்டுக்காரரும் சம்மதிக்கவில்லை என்றால், அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வேறு வீடு பாருங்கள். குழந்தைக்கு அடிக்கடி இருமலோ வீசிங்கோ வந்தால் மருத்துவரிடம் வீட்டு நிலவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.